எண்ணியதை எழுதுவோம்

மாசி மாதம் வந்துவிட்டால் நம் வளாகத்து நூலகத்தின் முன்னுள்ள பாத்திகளில் ஸ்வீட் பீ மலர்கள் பூத்துக் குலுங்குகின்றன. ஊதாவும் சிவப்பும் வெள்ளையுமாய்க் கொடிகள் மூங்கில் குச்சிகளைப் பற்றி ஏறி நிற்கின்றன. அவற்றின் மணம் படிக்கட்டு வரை வந்து நம்மை வரவேற்கிறது. தமிழகத்துச் சமவெளியில் பிறந்து வளர்ந்த நம்முள் பலர் உதகையைத் தவிர வேறெங்கும் இம்மலரைக் கண்டதில்லை. ஆகவே அதன் முன் நின்று படம் எடுத்து ஊருக்கு அனுப்பி மகிழ்கிறோம். நானும் அனுப்பியிருக்கிறேன். ஆயினும் அண்மைக் காலமாக அந்தப் பாத்தியைக் கடக்கும்போதெல்லாம் எனக்குச் சற்று வெட்கம் உண்டாகிறது. காரணத்தைச் சொல்லவே இக்கட்டுரை.

ஏறத்தாழ நூற்றிருபது ஆண்டுகளுக்கு முன்பு, இங்கிலாந்தில் சிலர் இம்மலர்ச் செடிகளை எண்ணினார்கள். எண்ணியதை எண்ணியவாறே எழுதினார்கள். நானும் ஒரு காலத்தில் எண்ணினேன். நான் எண்ணியவை ஈக்கள். ஆனால் எண்ணியதை நான் எழுதவில்லை. இதைத் தாவரவியல் துறையின் இதழுக்கு எழுதாமல் சங்க மலருக்கு ஏன் எழுதுகிறேன் என்று சிலர் கேட்கலாம். இச்செய்தி தாவரவியலோடு முடிவதன்று. ஆய்வுக்கூடத்தில் அளப்பவர், ஊர் ஊராய்ச் சென்று வினாப்படிவம் நிரப்புபவர், கல்வெட்டைப் படியெடுப்பவர் ஆகிய எல்லார்க்கும் உரியது. அறிவியலுக்குப் புறம்பான தோழர்களும் பொறுமையோடு படிக்க வேண்டுகிறேன். கணக்கு அதிகமில்லை, கூட்டலும் கழித்தலும் போதும்.

மெண்டல் என்னும் துறவி பட்டாணிச் செடிகளில் செய்த ஆய்வு 1866இல் அச்சேறியது. 1900இல்தான் உலகம் அதைத் திரும்பிப் பார்த்தது. இரண்டு பண்புகளில் வேறுபட்ட செடிகளைக் கலந்து, அவற்றின் பிள்ளைகளைத் தம்முள் கலந்தால், பேரப்பிள்ளைகளின் தலைமுறையில் நான்கு வகைச் செடிகள் 9:3:3:1 என்ற விகிதத்தில் தோன்றும் என்று அவர் கண்டார். ஒரு பண்பு மற்றொரு பண்பைப் பற்றிக் கவலைப்படாமல் தன் வழியே செல்லும் என்பது அதன் பொருள். விதையின் நிறத்துக்கு ஒரு வழி. விதையின் வடிவத்துக்கு ஒரு வழி. இன்று பள்ளி மாணவரும் இந்த விகிதத்தை மனப்பாடமாய்ச் சொல்வர்.

மெண்டலுக்காக இங்கிலாந்தில் வரிந்துகட்டி வாதாடியவர் வில்லியம் பேட்சன். மரபியலுக்கு ஆங்கிலத்தில் இன்று வழங்கும் பெயரைத் தந்தவரும் அவரே. அவரும் சாண்டர்ஸ் அம்மையாரும் பன்னெட்டும் ஸ்வீட் பீ செடியில் இரு பண்புகளைக் கவனித்தனர். பூ ஊதாவா சிவப்பா என்பது ஒன்று. மகரந்தத் துகள் நீண்டதா உருண்டையா என்பது மற்றொன்று. பேரப்பிள்ளைத் தலைமுறையில் 381 செடிகளை எண்ணினர். மெண்டலின் விதிப்படி ஊதாவும் நீளமும் சேர்ந்தவை சுமார் 214, ஊதாவும் உருண்டையும் 71, சிவப்பும் நீளமும் 71, சிவப்பும் உருண்டையும் 24 இருக்க வேண்டும். அவர்கள் கண்டவையோ 284, 21, 21, 55!

சற்று எண்ணிப் பாருங்கள். மெண்டலை எதிர்த்தவர்கள் அந்நாளில் பலர். பேட்சனுக்கு மெண்டலின் வெற்றியே தம் வெற்றி. அவருடைய தோட்டத்திலேயே மெண்டலின் விகிதம் பொய்த்தது. எதிரிகளின் கையில் கொடுப்பதற்கென்றே விளைந்தவை போன்ற எண்கள் அவை. அவற்றை மறைக்கவோ திருத்தவோ அவருக்குக் காரணம் இல்லாமற் போகவில்லை. எனினும் அவர்கள் அவ்வெண்களை அப்படியே வெளியிட்டனர். ஊதாவும் நீளமும் ஏதோ ஒரு வகையில் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு வருகின்றன என்றும் எழுதினர். அதற்கு அவர்கள் பின்னர்ச் சொன்ன விளக்கம் தவறானது, அவ்விளக்கம் மறைந்துபோயிற்று. எண்கள் மறையவில்லை. இன்றும் உலகெங்கும் பாடநூல்களில் அவை நிற்கின்றன.

இனி என் கதைக்கு வருகிறேன். நான் இளநிலைப் பட்டத்துக்குப் படித்த கல்லூரி எது என்று கேட்க வேண்டாம். ஒரு கல்லூரியைக் குற்றம் கூறுவது என் நோக்கமன்று. அது பல கல்லூரிகளைப் போன்ற ஒரு கல்லூரி. இறுதியாண்டுச் செய்முறையில் பழ ஈக்களைக் கலந்து எண்ண வேண்டும். மக்காச்சோள மாவும் வெல்லமும் அகரும் சேர்த்துக் காய்ச்சிய கூழைப் புட்டிகளில் ஊற்றி ஈக்களை வளர்த்தோம். இயல்பான ஈயைக் கரிய உடலும் குறுஞ்சிறகும் உடைய ஈயோடு கலந்தோம். கரிய உடலுக்கு எபொனி என்று பெயர். கருங்காலி மரத்தின் நிறம் என்று பொருள். பேரப்பிள்ளைகள் பிறந்ததும் ஈதரால் மயக்கி, வெள்ளைத் தாளில் பரப்பி, தூரிகை நுனியால் நான்கு குவியலாய் ஒதுக்கி எண்ணினேன். மொத்தம் 212. இயல்பானவை 150. கரிய உடலும் இயல்பான சிறகும் உடையவை 9. இயல்பான உடலும் குறுஞ்சிறகும் உடையவை 10. கரிய உடலும் குறுஞ்சிறகும் உடையவை 43.

செய்முறை ஆசிரியர் என் தாளைப் பார்த்தார். “தம்பி, ஒன்பது, மூன்று, மூன்று, ஒன்று வரவேண்டும். உன் கணக்கில் பிழை இருக்கிறது. சரிபார்த்து எழுதிக்கொண்டு வா” என்றார். அவர்மேல் எனக்குச் சிறிதும் வருத்தமில்லை. அறுபது மாணவர்கள், மூன்று மணி நேரம், ஆறு பேருக்கு ஒரு நுண்ணோக்கி என்ற நிலையில் அவர் வேறென்ன செய்வார்? நான் மீண்டும் எண்ணினேன். அதே எண்கள் வந்தன. மணி நாலரை ஆயிற்று. விடுதிக்குச் சென்றேன். ரெக்கார்டு நோட்டில் 121, 38, 41, 12 என்று அழகாக எழுதினேன். கூட்டிப் பாருங்கள், 212 சரியாக வரும். மிகச் சரியாக வந்தால் ஐயம் தோன்றும் என்று சற்றே விலக்கி எழுதும் அளவுக்கு எனக்குக் கைத்திறன் இருந்தது! பத்துக்குப் பத்து மதிப்பெண் கிடைத்தது. சரிபார்த்து எழுது என்றுதான் அவர் சொன்னார். பொய் எழுதியது என் கை.

இங்கே வந்து முதுநிலை வகுப்பில் சேர்ந்த பிறகு, ஒருநாள் பேட்சனின் எண்களைப் பேராசிரியர் கரும்பலகையில் எழுதினார். 284, 21, 21, 55. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இந்த முகத்தை எங்கோ பார்த்திருக்கிறேனே என்று தோன்றியது. விடுமுறையில் ஊருக்குச் சென்றபோது பரணிலிருந்த தகரப் பெட்டியைத் திறந்து பழைய ரஃப் நோட்டைத் தேடி எடுத்தேன். கடைசிப் பக்கத்தில், பென்சிலில், 150, 9, 10, 43 என்று இருந்தது. ஓரங்களில் இரண்டு பெரிய எண்கள். நடுவில் இரண்டு சிறிய எண்கள். பேட்சனின் எண்களுக்கு உடன்பிறந்த எண்கள் அவை.

இதன் உட்பொருளை விளங்கிக்கொள்ள ஓர் உவமை சொல்கிறேன். வடக்கே படிக்கும் நமக்கு ரயிலைவிட நெருங்கிய உறவு ஏது? இரண்டு ரயில்கள் அடுத்தடுத்த தண்டவாளங்களில் நிற்பதாகக் கொள்ளுங்கள். இரண்டிலும் பெட்டிகளின் எண்ணிக்கை ஒன்றே, வரிசையும் ஒன்றே. நள்ளிரவில் ஏதோ ஒரு சந்திப்பில், எங்கேனும் ஓரிடத்தில் இரண்டையும் ஒரே அளவில் துண்டித்து, பின்பகுதிகளை மாற்றிப் பூட்டிவிடுகிறார்கள். அடுத்தடுத்த பெட்டிகளில் படுத்திருந்த நண்பர்கள் இருவர் காலையில் பெரும்பாலும் ஒரே ரயிலில் விழிப்பார்கள். முதற் பெட்டியிலும் கடைசிப் பெட்டியிலும் படுத்திருந்தவர்கள் பெரும்பாலும் பிரிந்துபோவார்கள். வெட்டு அவர்களுக்கு நடுவே விழ இடம் மிகுதி அல்லவா?

நம் உயிரணுக்களில் உள்ள குரோமோசோம்கள் இத்தகைய ரயில்கள். தந்தையிடமிருந்து ஒன்று, தாயிடமிருந்து ஒன்று என இணை இணையாக நிற்பவை. மரபணுக்கள் அவற்றின் பெட்டிகள். முட்டையும் விந்துவும் உருவாகும் காலத்தில் இணைக் குரோமோசோம்கள் தம்முள் துண்டுகளை மாற்றிக்கொள்கின்றன. வெவ்வேறு ரயில்களில் செல்லும் மரபணுக்களுக்குத்தான் 9:3:3:1 பொருந்தும். ஒரே ரயிலில் அருகருகே செல்பவை சேர்ந்தே வரும், அருமையாகத்தான் பிரியும். இதைத்தான் பிணைப்பு என்கிறோம். பேட்சன் கண்டது இதை. நானும் என்னையறியாமல் கண்டது இதைத்தான்.

எபொனி மரபணு ஈயின் மூன்றாம் குரோமோசோமில் இருக்கிறது. குறுஞ்சிறகு மரபணு இரண்டாவதில் இருக்கிறது. ஆகவே 9:3:3:1 வந்திருக்க வேண்டும் என்று ஆசிரியர் சொன்னது நியாயமே. ஆனால் ஈயின் உடலைக் கறுப்பாக்கும் வேறொரு மரபணுவும் உண்டு. அதற்குப் பிளாக் என்றே பெயர். பார்வைக்கு இரண்டும் ஏறக்குறைய ஒன்றுபோல் இருக்கும். பிளாக் இருப்பதோ இரண்டாம் குரோமோசோமில், குறுஞ்சிறகுக்கு அருகில். எங்கள் புட்டியின்மேல் ஒட்டியிருந்த சீட்டுத் தவறு. உள்ளே இருந்தது எபொனி அன்று, பிளாக் என்று இன்று நான் நினைக்கிறேன். அந்த ஈயை உண்மையான எபொனி ஈயோடு ஒருமுறை கலந்திருந்தால் பதினைந்து நாளில் விடை தெரிந்திருக்கும். இரண்டும் ஒரே மரபணுவாயின் பிள்ளைகள் யாவும் கறுப்பாகும். வெவ்வேறாயின் யாவும் இயல்பான நிறம் பெறும். இன்று புட்டி இல்லை, ஈயும் இல்லை. என் ஐயத்தை நிரூபிக்கவும் வழியில்லை, மறுக்கவும் வழியில்லை. அதே புட்டியிலிருந்து எனக்குப் பின் எத்தனை ஆண்டு மாணவர்கள் ஈக்களை எண்ணி, எத்தனை பொய்களை எழுதினார்களோ! முதலில் எண்ணிய ஒருவர் உள்ளதை எழுதியிருந்தால், சீட்டு அன்றே திருத்தப்பட்டிருக்கும். திருத்த வேண்டியது சீட்டை. நாங்கள் திருத்தியதோ எண்ணை.

மாணவன் எண்ணுவதால் என்ன புதிதாய்க் கிடைத்துவிடும் என்று கேட்பவர்கள் உண்டு. அவர்களுக்கு நியூயார்க் நகரத்துக் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ஓர் அறையை நினைவூட்டுகிறேன். பதினாறு அடி அகலம், இருபத்துமூன்று அடி நீளம், எட்டு மேசைகள், எங்கும் பால் புட்டிகளில் ஈக்கள். தாமஸ் ஹன்ட் மார்கனின் ஈ அறை அது. 1910இல் அங்கே சிவந்த கண்ணுடைய ஈக்களிடையே வெண்கண் ஈ ஒன்று தோன்றிப் புகழ்பெற்றது. அங்கே புட்டி கழுவும் வேலைக்குச் சேர்ந்த பிரிட்ஜஸ் என்னும் மாணவர், தடித்த கண்ணாடிக்கு அப்பால் இன்னொரு கண்நிற மாற்றத்தைக் கண்டுபிடித்தார். புட்டி கழுவியவருக்கு மேசை கிடைத்தது. ஸ்டர்டெவன்ட் என்னும் மற்றொரு மாணவர் குதிரைகளின் நிறம் எவ்வாறு மரபுவழி வருகிறது என்று எழுதிக் காட்டி, அவ்வறையில் ஒரு மேசை பெற்றார்.

1911ஆம் ஆண்டின் இறுதியில், இருபது வயதை ஒட்டியிருந்த ஸ்டர்டெவன்ட் ஒருநாள் மார்கனோடு பேசிக்கொண்டிருந்தார். மரபணுக்களின் பிணைப்புச் சிலவற்றில் வலிதாகவும் சிலவற்றில் மெலிதாகவும் இருப்பதேன் என்பது பேச்சு. நெருங்கியிருப்பவை அருகிப் பிரியும், விலகியிருப்பவை அடிக்கடி பிரியும் என்றால், பிரியும் எண்ணிக்கையைக் கொண்டே தூரத்தை அளக்கலாமே என்ற எண்ணம் அவருக்குத் தோன்றியது. எண்ணிய ஏடுகளை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார். மறுநாள் கொடுக்க வேண்டிய வகுப்புப் பாடத்தை மூட்டைகட்டி வைத்துவிட்டு, இரவெல்லாம் கணக்கிட்டார். விடியும்போது உலகின் முதல் மரபணு வரைபடம் அவர் கையில் இருந்தது. பட்டம் பெறாத மாணவர் ஒருவர் ஓரிரவில் செய்த வேலை அது! 1913இல் அது கட்டுரையாக வெளிவந்தது.

அவர் செய்தது என்ன? ரயிலையே பார்க்காமல், காலையில் பிரிந்த நண்பர்களை மட்டும் எண்ணிப் பெட்டிகளின் வரிசையைச் சொல்லிவிட்டார். மஞ்சள் உடலுக்கும் வெண்கண்ணுக்கும் உரிய மரபணுக்கள் 21,736 ஈக்களில் 214இல் மட்டுமே பிரிந்திருந்தன. அதாவது நூற்றுக்கு ஒன்று. வெண்கண்ணும், பிரிட்ஜஸ் கண்ட செந்தூர நிறக் கண்ணும் நூற்றுக்குச் சுமார் 30 பிரிந்தன. மஞ்சள் உடலும் செந்தூரக் கண்ணும் நூற்றுக்குச் சுமார் 32. அப்படியானால் மஞ்சள் ஒரு முனை, அதை அடுத்து வெண்கண், தொலைவில் செந்தூரம். இவ்வாறு மூன்று மூன்றாய் ஒட்டி ஒட்டி ஐந்து இடங்களை ஒரே கோட்டில் நிறுத்தினார். நூற்றுக்கு ஒன்று பிரிந்தால் ஓர் அலகு. பிற்காலத்தில் அந்த அலகுக்கு மார்கனின் பெயரால் சென்டிமார்கன் என்று பெயர் வந்தது. அவர் நிறுத்திய வரிசையை இன்றுவரை யாரும் மாற்ற நேரவில்லை.

என்னை மிகவும் கவர்ந்தது அந்த வரிசை அன்று. அந்தக் கட்டுரையில் இருந்த ஒரு முரண்பாடு. சிறு சிறு தூரங்களைக் கூட்டினால் முதல் மரபணுவுக்கும் கடைசி மரபணுவுக்கும் இடையே 57.6 அலகு வருகிறது. நேராக எண்ணிப் பார்த்தால் நூற்றுக்குச் சுமார் 37 ஈக்களே பிரிந்திருந்தன. இருபது அலகுக் குறைவு! நம் விடுதி அறையில் இந்தக் கணக்கு நடந்திருந்தால் 37 ஐம்பத்தேழாக மாறியிருக்கும். அல்லது 57 முப்பத்தேழாகக் குறைந்திருக்கும். ஸ்டர்டெவன்ட் இரண்டையும் எழுதினார், காரணத்தையும் ஆராய்ந்தார். நீண்ட ரயிலை ஒரே இரவில் இரண்டிடங்களில் வெட்டி மாற்றினால் என்ன ஆகும்? நடுப்பகுதி மட்டும் மாறும். முதற் பெட்டியும் கடைசிப் பெட்டியும் மீண்டும் ஒரே ரயிலில் சேர்ந்துவிடும். பிரிந்தவர்கள் பிரியாதவர்கள்போல் தோன்றுவர். ஆகவே தூரம் கூடக் கூட நேர் எண்ணிக்கை குறைத்தே காட்டும். பொருந்தாத எண்ணைப் பொருந்தாதது என்றே எழுதியதால் கிடைத்த அறிவு இது.

நம் நாட்டோடு உறவுடைய மற்றொரு செய்தியும் உண்டு. 1957இல் இங்கிலாந்தை விட்டு வந்து கல்கத்தாவில் தங்கி, பின்னர் இந்தியக் குடிமகனாகி, 1964இல் புவனேசுவரத்தில் மறைந்த ஜே. பி. எஸ். ஹால்டேனை நாம் அறிவோம். ஆக்ஸ்போர்டில் அவர் மாணவராயிருந்தபோது, டார்பிஷயர் என்பவர் முன்பே வெளியிட்டிருந்த சுண்டெலிகளின் எண்ணிக்கையைப் படித்தார். எண்ணியவர் கண்ணுக்குப் படாத பிணைப்பு ஹால்டேனின் கண்ணுக்குப் பட்டது. பின்பு தம் தங்கை நவோமியோடும் நண்பர் ஸ்பிரன்ட்டோடும் சேர்ந்து தாமே எலிகளை வளர்த்து எண்ணி அதை உறுதிப்படுத்தினார். முதுகெலும்புள்ள உயிர்களில் முதன்முதல் காட்டப்பெற்ற பிணைப்பு அது. கட்டுரை 1915இல், உலகப் போரின் நடுவே வெளிவந்தது. ஸ்பிரன்ட் அந்தப் போரிலேயே உயிர் துறந்தார். டார்பிஷயர் தம் எண்களை விதிக்கேற்பத் திருத்தியிருந்தால், அவற்றுள் ஹால்டேன் எதைக் கண்டிருப்பார்? எண்ணியவனுக்கே பொருள் விளங்காத எண்ணும் வேறொருவனுக்கு வழிகாட்டும். அதை அழிக்க நமக்கு என்ன உரிமை இருக்கிறது?

அக்கட்டுரை வெளிவந்த ‘ஜர்னல் ஆஃப் ஜெனிட்டிக்ஸ்’ இதழைப் பேட்சனும் பன்னெட்டும் 1910இல் தொடங்கினர். ஹால்டேன் இந்தியாவுக்கு வந்தபோது அதையும் தம்மோடு கொண்டுவந்தார். இன்று இந்திய அறிவியல் அகாதெமி அதைப் பெங்களூரிலிருந்து வெளியிட்டு வருகிறது. எண்ணியதை எண்ணியவாறே எழுதியவர்களின் இதழ் நம் நாட்டில் குடியேறிவிட்டது. அந்தப் பழக்கமும் நம் செய்முறைக் கூடங்களில் குடியேற வேண்டாமா?

என் கருத்தை மறுப்போர் சொல்வதையும் கேட்போம். “செய்முறை வகுப்பு கைப்பழக்கத்துக்காக, கண்டுபிடிப்புக்காக அன்று. மாணவர்களிடம் மாறி வரும் எண்களில் பத்துக்கு ஒன்பது வெறும் பிழையே” என்பர். உண்மைதான். பத்துக்கு ஒன்பது பிழையாகவே இருக்கட்டும். அந்தப் பிழையைக் கண்டுபிடிப்பதும் ஒரு கைப்பழக்கம் அல்லவா? மயக்கம் தெளிந்து ஈ பறந்துபோயிற்றா, குறுஞ்சிறகு ஈக்கள் கூழில் ஒட்டி மடிந்தனவா, சீட்டு மாறியதா என்று தேடுவதுதான் பயிற்சி. எண்ணை மாற்றியவன் தேடுவதை நிறுத்திவிடுகிறான். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். நாம் சுரைக்காயை விளைத்துவிட்டு, அதைத் தூர எறிந்து, ஏட்டில் வேறொரு சுரைக்காயை வரைந்து வைக்கிறோம்!

திருத்திய எண்கள் தம்மைத் தாமே காட்டிக்கொடுக்கும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். கண்ட எண்ணுக்கும் எதிர்பார்த்த எண்ணுக்கும் உள்ள வேறுபாட்டை அளக்கக் கை-வர்க்கச் சோதனை என்று ஒன்றுண்டு. நான்கு வகைகள் உள்ள கணக்கில், தற்செயலாக வரக்கூடிய வேறுபாட்டுக்கு வழக்கமாக வைக்கும் எல்லை 7.8. என் ரஃப் நோட்டின் எண்களுக்கு அது 120ஐத் தாண்டுகிறது. ஏதோ புதியது இருக்கிறது என்று உரக்கக் கூவுகிறது. நான் எழுதிய பொய் எண்களுக்கோ கால் அளவே வருகிறது. ஆனால் விதி முற்றும் உண்மையாக இருந்தாலும், அறுபது பேர் நேர்மையாக எண்ணினால், அவர்களுள் சுமார் மூவருக்குத் தற்செயலாகவே அந்த எல்லை கடந்திருக்க வேண்டும். அறுபது நோட்டுகளிலும் அழகான விகிதமே இருந்தால், அந்த அழகே சாட்சி சொல்லும். மெண்டலின் எண்களே எதிர்பார்ப்புக்கு மிக நெருங்கியிருப்பதாக 1936இல் ஃபிஷர் என்னும் புள்ளியியல் அறிஞர் எழுதி, பல்லாண்டு நீண்ட வாதத்தைத் தொடங்கிவைத்தார். மெண்டலின் விதி நிலைத்தது. ஆனால் அவர் எண்களைப் பற்றிய பேச்சும் நிலைத்துவிட்டது.

இவையெல்லாம் ஈயின் கண்ணைப் பற்றிய வீண் ஆராய்ச்சி என்று யாரும் எண்ண வேண்டாம். ஒடிசாவில் பழங்காலம் தொட்டு விளைந்த நெல்லிலிருந்து தேர்ந்தெடுத்த எஃப்.ஆர்.13ஏ என்னும் வகை, வெள்ளத்தில் முழுதும் மூழ்கினாலும் இரண்டு வாரம் தாங்கும். ஆனால் விளைச்சல் குறைவு. அந்தத் தாங்கும் ஆற்றலைத் தரும் இடம் நெல்லின் ஒன்பதாம் குரோமோசோமில் இருப்பதை 1996இல் பிணைப்பைக் கொண்டே குறித்தனர். அதற்கு அருகிலுள்ள டி.என்.ஏ. அடையாளங்களைப் பார்த்து நாற்றிலேயே வேண்டியதைத் தேர்ந்தெடுத்து, உழவர் விரும்பும் ஸ்வர்ணா நெல்லுக்குள் அதைக் கொண்டுவந்து சேர்த்தனர். ஸ்வர்ணா-சப்1 என்ற அந்நெல் 2009இல் நம் நாட்டில் வெளியிடப்பட்டது. நண்பர்கள் எத்தனை முறை பிரிந்தார்கள் என்று எண்ணும் அதே கணக்குத்தான் இங்கும். யாரேனும் ஒருவர் விடுதி அறையில் அமர்ந்து எண்ணைத் திருத்தியிருந்தால், வயல் நீரில் மூழ்கும்போது உண்மை வெளிப்பட்டிருக்கும், துன்பப்படுபவர் உழவர்.

ஆகவே நான் வேண்டுவன மூன்று. முதலாவது, ரெக்கார்டு நோட்டில் முதலில் எண்ணிய எண்களுக்கு ஒரு பக்கம் வேண்டும். அதில் ஆசிரியர் அன்றே கையெழுத்திட வேண்டும். இரண்டாவது, எண் விதிக்குப் பொருந்துவதற்கு மதிப்பெண் வேண்டாம். பொருந்தாவிடில் காரணம் தேடி எழுதுவதற்கு மதிப்பெண் வேண்டும். மூன்றாவது, ஒவ்வோர் ஆண்டு மாணவர் எண்ணியவற்றையும் ஒரே பேரேட்டில் ஏற்றித் துறையிலேயே காக்க வேண்டும். ஒருவன் எண்ணும் 212 ஈக்கள் சிறிது. அறுபது பேர் பத்தாண்டு எண்ணினால் லட்சத்தைத் தாண்டும். ஸ்டர்டெவன்ட்டின் கையில் இருந்தவையும் பலர் எண்ணிச் சேர்த்த எண்களே. இவற்றுக்குப் புதிய கட்டிடம் வேண்டுவதில்லை, பெரும்பொருளும் வேண்டுவதில்லை.

இவற்றைச் செய்ய வேண்டியவர்கள் ஆசிரியர்கள். நாம் செய்யக்கூடியது ஒன்று உண்டு. அதற்கு யாருடைய ஆணையும் வேண்டுவதில்லை. பொருளியல் படிக்கும் தோழரே, செல்லாத வீட்டின் படிவத்தை விடுதியில் அமர்ந்து நிரப்பாதீர். இயற்பியல் படிக்கும் தோழியே, வரைபடக் கோட்டில் விழாத புள்ளியை அழிக்காதீர். மதிப்பெண் இரண்டு குறையலாம். வடக்கே நெடுந்தொலைவு வந்து, உதவித்தொகையை நம்பிப் படிக்கும் நமக்கு இரண்டு மதிப்பெண் எவ்வளவு பெரியது என்பதை நான் அறியாதவன் அல்லேன். அந்த அச்சத்தால்தான் அன்று நானும் பொய் எழுதினேன். ஆனால் அந்தப் பத்து மதிப்பெண்ணால் இன்று எனக்கு ஒரு பயனும் இல்லை. அன்று எறிய மறந்த பென்சில் பக்கம்தான் எனக்குப் பாடம் சொல்கிறது.

இந்தப் பருவத்தில் எங்கள் வகுப்புக்கு மீண்டும் ஈப் புட்டிகள் வந்திருக்கின்றன. சென்ற வாரம் என் பங்குக்கு 187 ஈக்களை எண்ணினேன். எதிர்பார்த்த விகிதம் வரவில்லை. குறுஞ்சிறகு ஈக்கள் குறைந்திருந்தன. அவ்வாறே எழுதி, “கூழ் இளகியிருந்தது, சில ஈக்கள் ஒட்டி மடிந்திருக்கலாம், மீண்டும் செய்ய வேண்டும்” என்று கீழே குறித்து ஆசிரியரிடம் நீட்டினேன். அவர் ஒருமுறை படித்தார். என் முகத்தைப் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் கையெழுத்திட்டார். மாலையில் நூலகத்துப் பாத்தியின் வழியே நடந்து வந்தேன். ஸ்வீட் பீ இன்னும் பூத்திருக்கிறது. பங்குனி பிறந்து வெயில் ஏறினால் வாடிவிடும். அதற்குள் துறை நண்பர்கள் நால்வர் சேர்ந்து, தோட்டக்காரரிடம் இசைவு பெற்று, எத்தனை கொடி ஊதா, எத்தனை சிவப்பு, மகரந்தம் எவ்வடிவம் என்று எண்ணுவதாக முடிவு செய்திருக்கிறோம். அப்பாத்தியில் எவ்வகை விதைகளைக் கலந்து விதைத்தார்களோ தெரியாது. ஆகவே விதி எதுவும் எதிர்பார்க்க இடமில்லை. எண்ணிப் பழகுவதற்கு அதைவிட நல்ல பாத்தி கிடைக்காது. விரும்புவோர் ஞாயிறு காலை ஏழு மணிக்கு வாருங்கள். ஒரு பென்சிலும் ஒரு ரஃப் நோட்டும் கொண்டு வந்தால் போதும்.